கோப்பை முடியும்வரை கூடை மட்டும்

ஜனவரி 13, செவ்வாய்

கூடை நாள். மழை வேறு. சிறை வாசலில் தொடங்கிய வரிசை தபால் நிலையம்வரை நீண்டிருந்தது. கூடையைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு நின்றதில் என் முதுகுதான் நனைந்தது, உள்ளே இருந்த கூஸ்கூஸ் ரவைச் சோறு நனையவில்லை. அது போதும்.

எலும்பு கூடாது, முழு மிளகாய் கூடாது, பழம் என்றால் தோலுரித்திருக்க வேண்டும். காவலர் கரண்டியால் டப்பாவைக் குத்திக் கிளறிவிட்டு உள்ளே தள்ளினார். போன வாரத்து டப்பாவும் என் புருஷன் லம்ஜத்தின் அழுக்குத் துணியும் திரும்பி வந்தன. டப்பா காலி. வரிசையில் நிற்கிற பெண்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான். காலியாக வந்தால் ஆள் நன்றாக இருக்கிறார். பாதி வந்தால் காய்ச்சல். மூடியைக்கூடத் திறக்காமல் வந்தால் அங்கேயே உட்கார்ந்து அழலாம்.

பிறகு சந்திப்பு. இரண்டு கம்பி வலை, நடுவில் உலாத்துகிற ஒரு காவலர். அந்தப் பக்கம் என் புருஷன் ஏதோ ஒரு உருவமாகத்தான் தெரிவான். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான். தடைசெய்யப்பட்ட கூட்டத்தில் பேசிய ஒரு கணக்கு வாத்தியாருக்கு ஒற்றை ஆளைப் பூட்டுகிற தனியறையும் இவ்வளவு கம்பியும் எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"நம்ம டீம் எப்படி இருக்கு?" என்றான் முதல் வார்த்தையாக.

"நான் எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டியா?"

"நீ நல்லாத்தான் இருப்ப. கோல்கீப்பர் யாரு, அதச் சொல்லு."

அடுத்த வாரம் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கோப்பை இங்கே தொடங்குகிறது. தனியறையில் கிடக்கிறவனுக்கும் அதுதான் கவலை. எரிச்சலாக வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து அவன் சட்டையை உடனே துவைக்காமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 16

தையல் கூடத்தில் கொடி, கொடி, கொடி. சிவப்புத் துணியில் வெள்ளை வட்டம், அதற்குள் பிறையும் நட்சத்திரமும். வட்டம் கொஞ்சம் சுருங்கினாலும் முதலாளி சீ ஹமாதி (இங்கே பெரியவர்கள் பெயருக்கு முன்னால் 'சீ' என்பது மரியாதை) அதை எங்கள் மேலேயே விட்டெறிகிறார். "அதிபர் பாக்குற கொடிம்மா இது! விளையாட்டா?" அதிபர் ஸ்டேடியத்தில் ஒவ்வொன்றாக எடுத்துத் தையலைப் பார்ப்பாராக்கும்.

விமான நிலையத்திலிருந்து ஸ்டேடியம் போகிற சாலையில் எல்லா வீட்டுக்கும் வெள்ளை அடித்தாகிவிட்டது. சாலை பார்த்த சுவருக்கு மட்டும்தான். எங்கள் கட்டடம் முன்னால் கல்யாணப் பெண், பின்னால் அதே பழைய பாசி. நான் குடியிருப்பது பின்பக்கம்.

மாடிப்படியில் எதிர்வீட்டுத் தலீலா. யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "நல்லாருக்கியா?" என்றாள். கீழே காலடிச் சத்தம் கேட்டதும் பைக்குள் சாவி தேடுகிறவள்போலக் குனிந்துகொண்டாள். கோபமில்லை. அவள் வீட்டுக்காரர் அரசு வேலையில் இருக்கிறார், பிள்ளைகள் இருக்கின்றன. என்னோடு பேசியதாகப் பெயர் வந்தால் அவ்வளவுதான். நானாக இருந்தாலும் குனிந்திருப்பேன்.

இன்று நாள் முழுக்க என்னிடம் பேசியவர்கள் அந்த இருவர்தான்.

ஜனவரி 20, செவ்வாய்

வரிசையையே காணோம்! பிறகு, வரிசையில் எப்போதும் என்னோடு நிற்கிற தூஜா தெருமுனையில் நின்று கையாட்டினாள். எங்களைப் பின்சந்துக்கு மாற்றிவிட்டார்களாம், குப்பைத் தொட்டிகள் இருக்கிற இடத்துக்கு. முன்சாலையில் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள்.

"வெளிநாட்டுக் கேமராவுல நம்ம மூஞ்சி விழுந்துட்டா கோப்பை கறுத்துப் போயிடுமாம்," என்றாள் தூஜா. மீன் கடையில் நிற்கிறவள், குரல் அப்படி. அவள் புருஷனும் லம்ஜத் இருக்கிற அதே தனியறை வரிசையில்தான் இருக்கிறார்.

மீசைக்காரக் காவலர் வாசல்படியில் ஏறி நின்று அறிவித்தார். "கோப்பை முடியுறவரைக்கும் சந்திப்பு கிடையாது. ஆளெல்லாம் ஸ்டேடியம் பந்தோபஸ்துக்குப் போயாச்சு. கூடை மட்டும்."

"துணி?"

"துணியும் கிடையாது. காதுல விழல? கூடை மட்டும்."

டப்பா காலியாக வந்தது. சரி. இருந்தாலும் கையில் சட்டை இல்லாமல் வீடு திரும்புவது என்னமோ போல் இருந்தது.

ஜனவரி 22

வேலை முடிந்து வந்தபோது லம்ஜத்தின் வக்கீல் நெய்லா பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். அவர் அலுவலக வாசலில் எப்போதும் ஒரு ஆள் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பான், அதனால் இப்படி வெளியில் வந்துதான் பேசுவார். என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தபடி பேசினார்.

"தனியறையில இருக்கிறவங்க எல்லாரும் உண்ணாவிரதம் ஆரம்பிச்சுட்டாங்கன்னு தகவல். தனியறையை விட்டு எங்கள எடுங்கன்னு கேக்குறாங்க. ஊர்ல இத்தன நிருபர்கள் இருக்கிறப்பவே செய்யணும்னு இருக்காங்க. என்னை உள்ள விட மாட்டேங்கிறாங்க. வெளிநாட்டு நிருபர் ஒருத்தர்கிட்ட ஒரு மனைவி பேசினா போதும். நீங்க பேசுவீங்களா?"

"செவ்வாய்க்கிழமை டப்பாவைப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றேன்.

உண்ணாவிரதமா? போன வாரம் கோல்கீப்பரைப் பற்றிக் கேட்டவனா? அவன் பேசிய விதத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஒருவேளை, நான் கவலைப்படக் கூடாது என்றுதான் அப்படிப் பேசினானோ? ஏற்கெனவே வயிற்றுப்புண். இந்த வயதில் பட்டினி கிடந்தால் எழுந்திருப்பானா?

ஜனவரி 24

தொடக்க ஆட்டம். என் வீட்டில் டிவி கிடையாது, தேவையும் இல்லை. சுவர் வழியாகவே எல்லாம் வருகிறது. கட்டடமே ஒரே குரலில் கத்தியது, இரண்டு தடவை. நம் பக்கம்தான். மூன்றாவதாக வந்தது முனகல்.

நான் அடுப்படியில் நின்று, "கோல்," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். கேட்க ஆளில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

காலி! டப்பா காலி!

துடைத்துத் தின்ற மாதிரி இருந்தது. தூஜாவுடையதும் அப்படியே. சந்திலேயே கட்டிப்பிடித்துக்கொண்டோம். நான் குப்பைத் தொட்டி மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். சாப்பிடுறான், சாப்பிடுறான், அவன் சாப்பிடுறான்!

மாலையில் நெய்லாவைப் பார்த்துச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை.

"அவர் முகத்த யாராவது பாத்தாங்களா?"

"பாக்கணுமா? டப்பா காலி. பன்னிரண்டு வருஷமா எனக்கு அதுதான் அவர் பேச்சு. உங்களுக்கு அது புரியாது, நீங்க வரிசையில நின்னதில்ல."

கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். ஆனால் அவர் என் புருஷனைப் பட்டினி போடப் பார்க்கிறார், நான் வேறு என்ன சொல்ல?

ஜனவரி 29

சீ மொங்கி வந்தார். எங்கள் பேட்டை காவல் நிலையத்து ஆள், வாரா வாரம் வந்து யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று கேட்டுவிட்டுப் போவார். இந்தத் தடவை ஒரு பை ஆரஞ்சும் இரண்டு பத்திரிகைக்காரர்களும் கூடவே.

"மதாம் வசீலா, உங்க வீட்டுக்காரர் பட்டினியில சாகுறார்னு வெளியில ஒரு கும்பல் கதை கட்டுது. நீங்களே சொல்லுங்க. அவர் சாப்பிடுறாரா இல்லையா?"

"சாப்பிடுறார்."

"எப்படித் தெரியும்?"

"டப்பா காலியா வந்துது."

"அவ்வளவுதான்! இது போதும்."

ஃபோட்டோக்காரர் என்னைச் சன்னல் பக்கம் நிறுத்தினார். தலையை வாரிக்கொள்ளச் சொன்னார். தைத்து முடிக்க நான் கூடத்திலிருந்து கொண்டுவந்து சுவரோரம் மடித்து வைத்திருந்த கொடியை எடுத்து என் கையில் கொடுத்தார். "சிரிங்க. சந்தோஷமான விஷயம்தானே?" சந்தோஷமாகத்தான் இருந்தது. சிரித்தேன். என்னை யாரும் படம் பிடித்து எத்தனையோ வருடம் ஆகிறது, அந்தக் கூச்சமும் சேர்ந்துகொண்டது.

போகும்போது சீ மொங்கி ஒரு ஆரஞ்சைத் தானே உரித்துத் தின்றபடி போனார்.

ஜனவரி 31

மூன்றாம் பக்கத்தில் கால் பக்கத்துக்கு நான். மேலே கொட்டை எழுத்தில்: "என் கணவர் நலம். நாட்டின் விழாவைக் கெடுக்க நினைக்கும் பொய்யர்களுக்குக் கைதியின் மனைவி பதிலடி."

பொய்யர்கள் என்று நான் சொல்லவே இல்லை. நான் சொன்னது டப்பாவைப் பற்றி மட்டும்.

சீ ஹமாதி அந்தப் பக்கத்தை வெட்டித் தையல் கூடத்தின் சுவரில் ஒட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

நெய்லாவைப் பார்க்கப் போகவில்லை.

பிப்ரவரி 2

பெருநாள். தெரு முழுக்க ஆட்டுத் தலை பொசுக்குகிற வாடை. ஒற்றை ஆளுக்கு எதற்கு ஆடு, நான் வாங்குவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அவன் துணிப்பெட்டியை அடுக்கினேன். பிறகு மறுபடி கலைத்து அடுக்கினேன்.

மாலையில் யாரோ கதவை ஒரு தட்டுத் தட்டியது கேட்டது. திறந்தால் ஆளில்லை. வாசலில் மூடி போட்ட பாத்திரம் நிறைய ஆட்டிறைச்சிக் கூஸ்கூஸ். தலீலாவின் பாத்திரம், விளிம்பில் நீலக் கோடு. எதிர்க்கதவு சாத்தியிருந்தது. அந்தக் கதவுக்கு நேராக நின்று, "கடவுள் உங்கள நல்லா வைக்கட்டும்," என்றேன். உள்ளே பிள்ளைகளின் சத்தம் ஒரு நொடி அடங்கி மறுபடி தொடங்கியது.

நான் ஒரு வாய்கூட எடுக்கவில்லை. நாளைக்கு லம்ஜத்துக்குப் பெருநாள் சாப்பாடு.

பிப்ரவரி 3, செவ்வாய்

நான் என்ன செய்துவிட்டேன்!

காலையில் எலும்பை மட்டும் பிரித்துவிட்டு அப்படியே டப்பாவில் கவிழ்த்து அமுக்கினேன். நேரமாகிவிட்டது, கிளறிப் பார்க்கவில்லை. கூடையைக் கொடுத்துவிட்டு வந்து தலீலாவின் பாத்திரத்தைக் கழுவும்போதுதான் — அடியில் ஒட்டியிருந்தது மொச்சை. ஃபாவா என்கிற பெரிய பச்சை மொச்சை, தோல் உரித்தது, நாலைந்து. அப்படியானால் டப்பாவுக்குள் எவ்வளவு?

லம்ஜத்துக்கு மொச்சை ஆகாது. பிறவியிலேயே. ஒரு பிடி தின்றால் இரத்தம் கெட்டுச் சிறுநீர் கறுத்துப் போகும். சின்ன வயதில் ஒருமுறை பிழைத்ததே பெரிது என்று அவன் அம்மா சொல்வார். இங்கே பல குடும்பங்களில் இப்படி ஒருவர் உண்டு. விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள் வாசலிலேயே, "மொச்சை ஆகாதவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். தலீலாவுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியும். பொண்டாட்டின்னு எதுக்கு நான் இருக்கேன்?

ஓடினேன். சந்து காலி, கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். சின்ன சன்னலைத் திறந்து ஒருவன், "அடுத்த செவ்வாய் வாங்க," என்றான். "மொச்சை இருக்கு, கொடுத்துடாதீங்க, அவருக்கு ஆகாது!" என்று கத்தினேன். சன்னல் மூடிக்கொண்டது.

பிப்ரவரி 5

அவன் பார்த்திருப்பான். முகர்ந்தாலே கண்டுபிடித்துவிடுவான், மொச்சை வேகிற வீட்டுக்குள்கூட நுழைய மாட்டான். தொட்டிருக்க மாட்டான். டப்பா நிறைய அப்படியே திரும்பி வரும். என்னைத் திட்டிக்கொண்டே பசியோடு படுத்திருப்பான். அப்படித்தான். அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 7

செனகலோடு ஆட்டம். மைதானத்தில் பனி மூடிக்கொண்டு டிவியில் ஒன்றும் தெரியவில்லையாம். பக்கத்து வீட்டு ஆள், "பந்து எங்கடா? பந்தக் காட்டுங்கடா!" என்று கத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் ஜெயித்துவிட்டோம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

டப்பா காலியாக வந்தது.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மீசைக்காரர் டப்பாவை நீட்டினார். திறந்தேன். ஒரு பருக்கை இல்லை. "அவர் எப்படி இருக்கார்? காய்ச்சல் உண்டா? மஞ்சள் பூத்துடுச்சா?" என்று கேட்டேன்.

"உங்க வீட்டுக்காரருக்கா? ஜம்முன்னு இருக்கார். பெருநாள் சாப்பாட்ட விரலச் சப்பிச் சாப்பிட்டார். அந்த மொச்சை போட்டது அருமையா இருந்துச்சாம். அடுத்த தடவையும் மொச்சை கொஞ்சம் தாராளமாப் போடச் சொன்னார்."

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தனியறையில் பங்கு போட ஆளில்லை. லம்ஜத் தின்றிருந்தால் இப்போது ஆஸ்பத்திரியில் இருப்பான். தின்னாமல் இருந்தால் டப்பா நிறைந்து வந்திருக்கும். மொச்சை வேண்டும் என்று இந்த உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், என் லம்ஜத் கேட்க மாட்டான்.

அவன் உள்ளே இல்லை.

எவ்வளவு நாளாக இல்லை? சந்திப்பை நிறுத்தியதிலிருந்தா? துணி வாங்காததும் அதனால்தான். வாங்கினால் அழுக்குத் துணி தர வேண்டும், ஆளில்லாமல் அழுக்குத் துணிக்கு எங்கே போவார்கள்? டப்பாவைக் காலி செய்வது சுலபம். நாங்கள் சந்தில் சத்தம் போடாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு. நானும் நின்றேன். நின்றது போதாதென்று கொடியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டினேன்.

எங்கடா கொண்டு போனீங்க அவன? உயிரோட இருக்கானா?

பிப்ரவரி 11

சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு மட்டம். நேராக நெய்லாவின் அலுவலகம். வாசலில் செய்தித்தாள் ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

மொச்சை விஷயத்தைச் சொல்லி முடித்ததும் நெய்லா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க பொய் சொல்லல, வசீலா. நிஜமா நம்புற ஒருத்தர் அவங்களுக்கு வேணும்னு தேடினாங்க, நீங்க கிடைச்சீங்க," என்றார். பிறகு எழுந்து தொலைபேசியை எடுத்தார்.

உஸைனு என்று ஒரு செனகல்காரர் வந்து சேர்ந்தார். கால்பந்து நிருபர், தன் அணி தோற்ற துக்கத்தில் இருந்தார். வெள்ளிக்கிழமை விமானம். "எனக்கு அரசியல் வராதும்மா. நான் ஆட்டத்தப் பத்தி எழுதுறவன்," என்றார் முதலிலேயே.

"நான் சோத்தப் பத்திதான் சொல்லப்போறேன்," என்றேன்.

என் பெயரைச் சொன்னேன். லம்ஜத்தின் பெயரைச் சொன்னேன். பத்திரிகையில் வந்தது நான்தான் என்றும், அன்று சொன்னதை இன்று திரும்பப் பெறுகிறேன் என்றும் சொன்னேன். மொச்சை என்றதும் அவர் பேனா நின்றது. "என் தம்பிக்கும் ஆகாது," என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார்.

கிளம்பும்போது, "உங்களுக்கு ஆபத்து வராதா?" என்று கேட்டார்.

வரும். ஆனால் என்னிடம் பிடுங்க இன்னும் என்ன பாக்கி? இதை அவரிடம் சொல்லவில்லை. "பத்திரமாப் போயிட்டு வாங்க," என்று மட்டும் சொன்னேன்.

வீடு திரும்பும்போது நைஜீரியாவை ஜெயித்துவிட்டார்கள். கார்களெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஒரு கார் சன்னலில் நான் தைத்த கொடி. என் தையல் எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 13

சீ ஹமாதி சுவரிலிருந்த என் படத்தைக் கிழித்துவிட்டு, "கொடி வேலை முடிஞ்சுடுச்சு, இனி ஆள் தேவையில்ல," என்றார். மற்றப் பெண்கள் எல்லோரையும் திங்கள்கிழமை வரச் சொல்லியிருந்தார். வெளிநாட்டு வானொலி ஒன்றில் நேற்று என் பெயர் வந்ததாம்.

பிப்ரவரி 14

மதியம் சீ மொங்கி கூட்டிப்போனார். ஆரஞ்சு இல்லை. நிலையத்தில் சுவரோர பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, "உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன் மதாம்? என் பேரும் சேந்து நாறுது!" என்று கத்தினார். பாவம், அவருக்கும் மேலிடத்தில் ஏதோ விழுந்திருக்கிறது. பாவம் என்று ஏன் எழுதினேன்? அடிக்கத் தூண்டுகிற அளவுக்குக் கோபம் வந்தது, அதுதான் உண்மை.

"என் புருஷன் எங்க?" என்றேன். எதைக் கேட்டாலும் அதையே சொன்னேன்.

மேசை மேல் டிவி. மொராக்கோவோடு இறுதி ஆட்டம். கொஞ்ச நேரத்தில் என்னைக் கேள்வி கேட்கிறவர்கள் எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் போலீஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டார்கள். சீ மொங்கி அழுதார். கண்ணீரோடு என் பக்கம் திரும்பி, "ஜெயிச்சுட்டோம் மதாம்! கோப்பை நம்மகிட்ட!" என்றார். என் கன்னமும் நனைந்திருந்தது. லம்ஜத் எங்கே இருந்தாலும் யாராவது அவனிடம் இதைச் சொல்லியிருப்பார்களா என்று நினைத்ததும் வந்த அழுகை.

"வீட்டுக்குப் போங்க. இன்னிக்கு யாரையும் உள்ள வைக்க மனசு வரல," என்றார்.

தெருவில் கால் வைக்க இடமில்லை. தலீலா கூட்டத்துக்கு நடுவில் என்னைப் பார்த்தாள், எல்லோர் முன்னாலும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர்கூடக் கைகொடுத்தார். யார் யாரைக் கட்டிக்கொள்கிறார்கள் என்று இன்று எவனும் பார்க்கப்போவதில்லை. அவள் விடாமல் பிடித்திருந்தாள், நானும் விடவில்லை. நாளைக்கு மறுபடி சாவி தேடுவாள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

வரிசை மறுபடி முன்சாலைக்கு வந்துவிட்டது. பூந்தொட்டிகளைத் தூக்கிவிட்டார்கள்.

மீசைக்காரர் என் கூடையை வாங்கவில்லை. "இங்க இல்ல. தெக்கே மாத்தியாச்சு," என்று ஊர்ப் பெயரைச் சொன்னார். ரயில் முடிந்து, பஸ்ஸும் முடிகிற ஊர்.

"எப்ப?"

"எனக்குத் தெரியாது."

"உயிரோட இருக்காரா?"

"எனக்குத் தெரியாதுங்கிறேன்ல."

பின்னால் நின்ற தூஜாவுக்கும் அதே பதில். அவள் முதலில் என்மேல்தான் பாய்ந்தாள். "பேப்பர்ல பல்லக் காட்டுனியே, அதப் பாத்துதான் நானும் நிம்மதியா இருந்தேன்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். கத்தி ஓய்ந்ததும் மீசைக்காரர் பக்கம் திரும்பி, "என் வீட்டுக் கறியெல்லாம் இந்த வயித்துக்குள்ளதான் போயிருக்கு. பாரு, சட்டைப் பொத்தான் தெறிக்குது," என்றாள். பிறகு என் கூடையின் ஒரு பக்கக் காதைப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையம்வரை கூடவே வந்தாள். தெற்குச் சிறையில் சந்திப்புக்கு இனிமேல்தான் அனுமதி வாங்க வேண்டுமாம்.

பிப்ரவரி 26

நெய்லா சொல்லியனுப்பினார். உயிரோடு இருக்கிறார்கள், எல்லோரும். உண்ணாவிரதம் முடிந்துவிட்டது. தனியறையிலிருந்து பொதுக் கூடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள்.

மீன் கடைக்கு ஓடிப்போய்த் தூஜாவிடம் சொன்னேன்.

மார்ச் 9, செவ்வாய்

பஸ்ஸில் திரும்பிக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது.

சின்னச் சிறை. சந்திப்பு அறையில் ஒரே ஒரு வலை, அதுவும் ஒரு பக்கம் பிய்ந்து தொங்குகிறது. சன்னல் வெயில் நேரே அவன்மேல் விழுந்தது. கன்னம் ஒட்டிப்போய், பாதி முடி போய், யாரோ ஒரு கிழவர் வருகிறார் என்று நினைத்தேன். உட்கார்ந்து என்னைப் பார்த்ததும் அவன் ஆனான்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். பத்திரிகையில் அப்படிச் சொன்னது நான்தான், டப்பாவைப் பார்த்து ஏமாந்துவிட்டேன், உன் காலில் விழுகிறேன் —

"தெரியும். கொண்டுவந்து காட்டினாங்க," என்றான். "உண்ணாவிரதத்துல கிடந்தப்ப ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு பேப்பரக் கொடுத்து, என்கிட்ட மட்டும், 'பாரு, உம் பொண்டாட்டியே உன்ன விட்டுட்டா'ன்னு சொன்னாங்க."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"வசீலா, இங்க பாரு. நீ என்ன சொல்லியிருந்தன்னு நான் படிக்கவே இல்ல. படத்தத்தான் பாத்தேன். உன் ஃபோட்டோ ஒண்ணு வேணும்னு நான் எத்தன மனு கொடுத்திருக்கேன், ஒண்ணாவது விட்டாங்களா? உன் முகமே எனக்கு மறந்துபோச்சுன்னு உன்கிட்ட எப்படிச் சொல்வேன்? அதக் கிழிச்சு எடுத்துப் படுக்கைக்கு மேல ஒட்டி வச்சிருக்கேன். சோதனைக்கு வர்றவன் ஒருத்தனும் அதத் தொடுறதில்ல. அரசாங்கப் பத்திரிகை, கையில கொடி வேற. எப்படிக் கிழிப்பான்?"

நடந்துகொண்டிருந்த காவலர் நின்று கேட்டுவிட்டு மறுபடி நடந்தார்.

"அதுல நீ சிரிக்கிற," என்றான். "எதுக்கு அப்படிச் சிரிச்ச?"

"நீ சாப்பிட்டன்னு நினைச்சு."

அவன் பிய்ந்த வலைப் பக்கம் முகத்தைக் கொண்டுவந்து இன்னொரு தடவை என்னைப் பார்த்தான். பிறகு கோப்பை கதையைக் கேட்டான். இறுதி ஆட்டத்தைப் போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்து பார்த்தேன் என்று சொல்ல ஆரம்பித்தேன், முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.